மொட்டைமாடியில் ஆறு குறும் ஆவணப்படங்கள்: யார் என்ன சொன்னார்கள்?

மாடித்திரை
ஞாயிறு, இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பக மாடியில், கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு குறும் ஆவணப்படம் போட்டுவருகிறோம். டியூஷன் சென்டரில் இரவல் வாங்கிய புரொஜெக்டர், இரண்டு எட்டுமுழ வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரை, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். அவ்வளவுதான். படங்கள் எல்லாம் யூடியூபிலிருந்து. முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். இன்று மாடி நிறைந்து படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு படம் முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் முக்கியமானதை இங்கே போடுகிறேன். அடுத்து என்ன போடலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

முதல் படம் 'கிளாஸ்'. நெதர்லாந்தின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-ல் எடுத்தது. பதினோரு நிமிடம்தான். கண்ணாடி ஊதுகிறவர்கள், அப்புறம் பாட்டில் செய்யும் இயந்திரம், பின்னால் ஜாஸ் இசை. ஒரு வார்த்தை விளக்கவுரை கிடையாது. பேச்சே இல்லாத படத்தை முதல் வாரமே போடுவதா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. எங்கள் தெருவில் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். மில் 1996-ல் மூடியதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். அவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊதுகிறவர்களின் கன்னம் புடைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் தங்கள் கன்னத்தையும் ஊதிக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் இயந்திரம் வந்தது. கழுத்து உடைந்த ஒரு பாட்டில் சிக்கிக்கொள்ள, பின்னால் வரும் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து நொறுங்கும் இடம் ஒன்று இருக்கிறது. பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "யாருப்பா அந்த மெஷின பாத்துக்கறது? ஆளு எங்க? நிறுத்துப்பா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். கடைசியில் ஒரு மனிதக் கை வந்து சரிசெய்ததும்தான் உட்கார்ந்தார். படம் முடிந்ததும், தறியில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியவர் முக்கால் மணி நேரம் பேசினார். பதினோரு நிமிடப் படத்துக்கு முக்கால் மணி நேரப் பேச்சு. அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது 'ஐ ஆம் 20'. 1967-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்தது. சுதந்திரம் கிடைத்த 1947-ல் பிறந்த இருபது வயதுக்காரர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். அரசாங்கப் படத்தில் இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் பேச விட்டிருக்கிறார்களே என்று எல்லாருக்கும் ஆச்சரியம். எங்கள் தெருவின் இருபது வயதுக்காரர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டோம். என்ன ஆசை, என்ன பயம், நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய். ஒரு தம்பி, "வேலைக்கு அப்ளிகேஷன் போடறப்ப அட்ரஸ் எழுத யோசிக்கறேண்ணா" என்றான். அதற்குமேல் அந்தக் கேள்வியை யாரும் தொடரவில்லை.

மூன்றாவது 'ஹால்அவுட்'. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். 2022-ல் வந்தது, இருபத்தைந்து நிமிடம். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோட்கா கடற்கரையில், ஒரு மரக் குடிசையில் தனியாகத் தங்கியிருக்கும் கடலாய்வாளரைப் பற்றிய படம். முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காது. காற்று, வெறுங்கரை, அடுப்பு, அவர் முகம். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். போச்சு, இன்று கலைந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு காலையில் அவர் கதவைத் திறக்கிறார். வாசல் வரை வால்ரஸ்கள், நீண்ட தந்தம் உள்ள பெரிய கடல் விலங்குகள். கரை முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, ஏறக்குறைய ஒரு லட்சம். மாடியில் ஒரே நேரத்தில் எல்லாரும் "யம்மா" என்றார்கள். ரீல்ஸில் அரை நிமிடம் கூட நிற்காத பையன்கள் அதன்பிறகு அசையவில்லை. கடலில் பனிக்கட்டி உருகிப்போனதால், அதன்மேல் படுத்து இளைப்பாற வேண்டிய விலங்குகள் இப்படிக் கரையில் வந்து நெருங்குகின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிபட்டுச் சாகின்றன என்பது கடைசியில்தான் புரிகிறது. அவர் செத்தவற்றுக்கு நடுவே நடந்து எண்ணிக்கொண்டு போகிறார். காசிமேட்டில் விசைப்படகில் போகும் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அங்க எண்றதுக்கு ஒரு ஆளு இருக்கான். போன ஜனவரில இங்க ஆமை செத்து ஒதுங்கினப்ப நம்ம கரையில எத்தினி பேரு எண்ணினாங்க?" 2025 ஜனவரியில் நம் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் ஒதுங்கியதைத்தான் சொன்னார். வனத்துறையும் தன்னார்வலர்களும் எண்ணினார்கள் என்றேன். "அத படமா எடுத்தாங்களா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மற்ற மூன்றும்: கூடைப்பந்து வீராங்கனை ஒருவரைப் பற்றிய 'தி குயின் ஆஃப் பாஸ்கெட்பால்', இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பவர்களைப் பற்றிய 'தி லாஸ்ட் ரிப்பேர் ஷாப்', நாப்கின் செய்யும் பெண்களைப் பற்றிய 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்'. இவற்றைப் பற்றி, வந்திருந்தவர்கள் சிலர் இங்கேயே உறுப்பினர்கள், அவர்களே எழுதட்டும்.

ஆறு வாரத்தில் நான் கவனித்தது ஒன்று. நம் ஆட்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையைப் பார்க்கிறார்கள். கை செய்யும் வேலையைப் படம் ஒழுங்காகக் காட்டினால், மொழி தெரியாவிட்டாலும் கடைசி வரை இருக்கிறார்கள். வேலையைக் காட்டாமல் அழுகையை மட்டும் காட்டினால் எழுந்து போய்விடுகிறார்கள்.


கொருக்குப்பேட்டை ரயில்
ஞாயிறு, இரவு 11:15

'ஹால்அவுட்' எங்கே கிடைக்கும் அண்ணா? கட்டணம் உண்டா?


மாடித்திரை
ஞாயிறு, இரவு 11:18

நியூயார்க்கர் பத்திரிகையின் யூடியூப் சேனலில் இருக்கிறது தம்பி. இலவசம்தான். ஹெட்ஃபோன் போட்டுப் பார், அந்தச் சத்தத்துக்காகவே.


எண்ணூர்க்காரி
திங்கள், காலை 6:30

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று இரவே 'ஹால்அவுட்' பார்த்தேன். அம்மாவும் என்னோடு போனில் பார்த்தார். அம்மா எண்ணூர் கழிமுகத்தில் கையால் இறால் தடவுகிறவர். பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார். இருபத்தைந்து நிமிடமும் அம்மா ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "அந்த ஆளுக்கு யாராவது சோறு கொண்டாந்து குடுப்பாங்களா?"

அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, படுத்த பிறகு சொன்னார்: "அவன் அதுங்கள எழுப்பல பாரு. கதவ மெதுவா சாத்திக்கினான்."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கம் கேமரா வராத மாதம் கிடையாது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோதும் வந்தார்கள். வர வேண்டும், வந்து காட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த டிசம்பரில் வந்த ஒரு குழு அம்மாவைத் தண்ணீரில் இறங்கச் சொன்னது. அப்போது காலில் எண்ணெய் பட்டாலே எரிந்துகொண்டிருந்தது, யாரும் இறங்கவில்லை. "ஒரு தடவைதான் அம்மா" என்றார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி. கேமராவை இந்தப் பக்கம் மாற்றிவிட்டு மறுபடி. மூன்று தடவை இறங்கினார். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு வாரம் வரை அம்மாவின் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

படம் முடிந்ததும் காட்டுகிறோம் என்றார்கள். காட்டவில்லை. பல மாதம் கழித்து என் சித்தி மகன் இணையத்தில் தற்செயலாகப் பார்த்து அனுப்பினான். அம்மாவின் கை நாலு விநாடி வருகிறது. கீழே 'பாதிக்கப்பட்ட பெண்' என்று போட்டிருக்கிறது. பெயர் இல்லை. அம்மாவுக்கு முப்பது வருடமாக இறால் தடவத் தெரியும். எந்த அலைக்கு எந்தப் பக்கம் இறால் ஒதுங்கும், சாம்பல் படிந்து மேடாகிப்போன இடம் எது, முட்டிக்குக் கீழே சிப்பி கிழிக்கும் இடம் எது எல்லாம் தெரியும். அதில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

அந்த ரஷ்யப் படத்தில் கேமரா அந்த ஆளோடு கதவுக்கு உள்ளே காத்திருக்கிறது. அவர் என்ன செய்கிறாரோ அதை மட்டும் எடுக்கிறது. அம்மா அதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.


பெரம்பூர் லோகோ
திங்கள், காலை 9:05

எண்ணூர்க்காரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

மாடித்திரைக்கு ஒரு கேள்வி. உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ஆஸ்கர் வாங்கியவை. அவை நன்றாகத்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே வாய்ப்பாடு. பாவப்பட்ட ஒருவர், நடுவில் ஒரு சோகம், கடைசியில் இசை ஏறும், நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவோம். எங்கே அழ வேண்டும் என்று பியானோ வந்து சொல்கிறது. 'தி லாஸ்ட் ரிப்பேர் ஷாப்' கடைசியில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் இடம் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அழகாக இருக்கிறது, ஆனால் யார்மேலும் எந்தக் கேள்வியும் இல்லை.

வட சென்னையில் படம் போடுகிறோம் என்றால் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' போட வேண்டாமா? 2017-ல் எடுத்து, திரையிட எத்தனை தடை வந்தும், யூடியூபிலேயே எல்லாருக்கும் திறந்துவிட்டார். மனிதக் கழிவை மனிதர் அள்ளக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. அதற்கு அப்புறமும் குழிக்குள் ஆள் இறங்குகிறது. நீளம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்பது ஒரு காரணமா?


மாடித்திரை
திங்கள், பகல் 1:20

நீளம் காரணம் இல்லை தோழர். 'கக்கூஸ்' என்னிடம் முதல் பட்டியலிலேயே இருந்தது. நான் நான்கு வருடத்துக்கு முன் பார்த்தேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் தெருவில் தூய்மைப் பணிக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். மாடிக்குத் தவறாமல் வருபவர். அவரிடம் கேட்காமல் போடக் கூடாது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெனம் பாக்கறத நான் ஞாயித்துக்கெழமையும் பாக்கணுமா? எங்களுக்கு அந்தப் படம் வாணாம். எங்கள பாக்காதவங்க இருக்கற எடத்துல கொண்டு போய் போடு. டிக்கெட்டு நான் தரேன்."

அந்த அக்காவுக்கு மிகவும் பிடித்த படம் எது தெரியுமா? 'தி குயின் ஆஃப் பாஸ்கெட்பால்'. அந்த அம்மாள் சிரிக்கும்போதெல்லாம் இவரும் சிரித்தார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது.

பியானோ பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இசை ஏறும் இடத்தில் மாடியிலும் சிலர் போனை எடுத்தார்கள்.


பெரம்பூர் லோகோ
திங்கள், பகல் 1:41

அக்கா சொன்னது சரி. என் தவறு புரிகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் நான் செயற்குழுவில் இருக்கிறேன். நூற்று இருபது வீடு. கழிவுநீர்த் தொட்டி அடைத்தால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று எனக்குத் தெரியும். அங்கே போடுகிறேன். என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுகிறேன்.


ஒரு வரி மொழிபெயர்ப்பு
திங்கள், இரவு 8:10

எனக்கு ஆர்வம் வேறு இடத்தில். ஆங்கிலம் தெரியாத கூட்டத்துக்கு இந்தப் படங்களை எப்படிக் காட்டுகிறீர்கள்? யூடியூபின் தானியங்கித் தமிழ் வரிகளைப் போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். நான் வசன வரிகள் எழுதும் வேலை செய்கிறேன், அதனால் கேட்கிறேன்.


மாடித்திரை
திங்கள், இரவு 8:45

முதலில் தானியங்கி வரிகளைத்தான் போட்டுப் பார்த்தோம். ஒரு வரி கூடத் தேறவில்லை. அதோடு வயதானவர்களுக்குப் படிக்க நேரம் போதாது, எழுத்தைப் பார்த்தால் படத்தைப் பார்க்க முடியாது.

அப்புறம் எங்கள் தெருவில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் பெண் ஒருத்தி மைக் பிடித்தாள். படத்தை முன்கூட்டியே மூன்று நான்கு தடவை பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பேசப்பேசத் தமிழில் சொல்வாள். கூத்தில் கட்டியக்காரன் நடுவில் வந்து சொல்கிற மாதிரி. கூட்டம் அவளிடமே திருப்பிக் கேள்வியும் கேட்கும். "இன்னாம்மா சொல்றான் அவன்?" என்று ஒரு குரல் வரும், அவள் பதில் சொல்வாள்.

'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' போட்ட அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். டெல்லிக்குப் பக்கத்தில் ஹாப்பூர் மாவட்டத்து ஊர். நம் கோவை அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடித்த நாப்கின் இயந்திரத்தை வைத்து அங்கே பெண்கள் தொழில் தொடங்குகிறார்கள். படத்தின் ஆரம்பத்தில் வகுப்பில் ஒரு மாணவியை எழுப்பி மாதவிடாய் என்றால் என்ன என்று கேட்பார்கள். அந்தப் பெண் எழுந்து நிற்பாள், தலை குனியும், வாய் வராது. அந்த மௌனத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். இவளும் மைக்கைப் பிடித்தபடி நிறுத்திவிட்டாள். படிக்கட்டில் அவளுடைய அண்ணன்மார், கீழ்வீட்டு மாமா, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் ஒருத்தி பேசவில்லை, பக்கத்தில் ஒருத்தி பேசவில்லை. மாடியிலும் சத்தம் இல்லை. கீழே ஏதோ ஆட்டோ போனது மட்டும் கேட்டது.

அடுத்த காட்சியில் பையன்களிடம் கேட்கிறார்கள், அது ஒரு நோய் என்கிறான் ஒருவன். அதை அவள் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு பாட்டி உரக்கச் சொன்னார்: "நோயாம்ல நோய். அது இல்லன்னா நீ எங்கேந்துடா வந்த?" மாடியே சிரித்தது. அதன்பிறகு அவள் குரல் நடுங்கவே இல்லை. கடைசி வரை தெளிவாகச் சொன்னாள்.


ஒரு வரி மொழிபெயர்ப்பு
திங்கள், இரவு 9:30

இதைப் படித்த பிறகு வசன வரிகளுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் சொல்லும்போது, படத்தில் இருப்பவரின் குரல் அடியில் போய்விடுகிறது. கூடைப்பந்துப் படத்தில் வரும் லுசியா ஹாரிஸ் பேசும் விதம், நடுவில் சிரித்துவிட்டுத் தொடரும் விதம், அதுதானே அந்தப் படம். அதன்மேல் இன்னொரு குரல் ஏறினால் பாதி போச்சு.

அப்புறம் ஒரு தொழில் சங்கடம். 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' என்ற தலைப்பை அந்தப் பெண் தமிழில் எப்படிச் சொன்னாள்? ஆங்கிலத்தில் பீரியட் என்றால் மாதவிலக்கு, முற்றுப்புள்ளி, இரண்டும். தமிழில் அந்த இரட்டை அர்த்தம் வராது. நான் ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை.


மாடித்திரை
திங்கள், இரவு 9:52

"வூட்டுக்குத் தூரம், இனிமே தூரம் இல்ல" என்று ஆரம்பித்தாள்.


ஒரு வரி மொழிபெயர்ப்பு
திங்கள், இரவு 9:55

எழுதி வைத்துக்கொண்டேன். அந்தத் தங்கையை எனக்கு அறிமுகம் செய்துவையுங்கள். எங்கள் வேலைக்கு இப்படி ஒரு காது வேண்டும். சம்பளம் உண்டு.


வியாசர்பாடி பதினொன்று
செவ்வாய், மாலை 5:40

நான் கூடைப்பந்துப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன், ஃபுட்பால் ஆடுகிறேன்.

லுசியா ஹாரிஸ் மிசிசிப்பியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் முதல் கூடையைப் போட்டவரே அவர்தான். அடுத்த வருடம் ஆண்களுக்கான என்பிஏ அணி ஒன்று அவரைத் தேர்வு செய்தது. அவர் போகவில்லை. அப்போது கர்ப்பமாக இருந்தார், அதோடு ஆண்களோடு போட்டிபோட அவருக்கு ஆசையும் இல்லை. அப்புறம் பெண்களுக்கு ஆடுவதற்கு இடமே இல்லாமல் போனது. படம் வெளிவந்தது 2021. அவர் 2022 ஜனவரியில் இறந்துவிட்டார். ஆஸ்கர் கிடைத்தது மார்ச்சில்.

இருபத்திரண்டு நிமிடமும் பெரும்பாலும் அவர் முகம்தான். பழைய ஆட்டங்களின் காட்சி நடுநடுவே. எங்கள் டீமில் ஏழு பேர் மாடிக்கு வந்திருந்தோம். எனக்குப் பிடித்தது, அவரை எங்கேயும் பாவமாகக் காட்டவில்லை. பழைய கதையைச் சொல்லும்போது தன் ஆட்டத்தைத் தானே ரசித்துச் சிரிக்கிறார். 2024 நவம்பரில் நம் காசிமா அமெரிக்காவில் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது எல்லா வீடியோவிலும் முதல் வரி ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்பதுதான். அது உண்மைதான், பெருமையும்தான். ஆனால் சிவப்புக் காயை எந்தக் கோணத்தில் வெட்டினார், ஃபாலோ போடும்போது மனதில் என்ன ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. நான் அதைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன். ஸ்ட்ரைக்கர் மேலேயே கேமரா வைத்து, அவர் குரலில், இருபது நிமிடம்.


புளியந்தோப்பு பேண்ட்
செவ்வாய், இரவு 11:30

நிகழ்ச்சி முடிந்து இப்போதுதான் வந்தேன். லோகோ அண்ணன் 'தி லாஸ்ட் ரிப்பேர் ஷாப்' பற்றி எழுதியதற்குப் பதில் சொல்லாமல் தூக்கம் வராது.

நான் பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். எங்கள் அப்பாவும் அதேதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1959-லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இசைக்கருவிகளை இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறார்கள். எண்பதாயிரம் கருவிகள். படத்தில் நான்கு பேர். தந்தி, பித்தளை, மரத்துளை, பியானோ என்று ஆளுக்கு ஒன்று. ஒருவர் வேலை செய்யும்போது கை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பாருங்கள். கிளாரினெட்டில் சாவிக்குக் கீழே ஒரு சின்னப் பேடு இருக்கும். அது துளையைச் சரியாக மூடவில்லை என்றால் காற்றுக் கசியும், சுரம் கிறீச்சிடும். எந்தப் பேடு கசிகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் மெல்லிய காகிதத்தைக் கீற்றாக வெட்டி, பேடுக்கு அடியில் வைத்து, சாவியை மூடி, காகிதத்தை மெல்ல இழுப்போம். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் ஓட்டை. பிடித்துக்கொண்டால் சரி. ஒவ்வொரு பேடுக்கும் நாலு பக்கமும் இப்படி. எங்கள் அப்பா விளக்கை அணைத்துவிட்டு விரல் நுனியிலேயே பார்ப்பார்.

மாடியில் அந்தப் படம் ஓடியபோது நான் அழுதேன். பியானோவுக்காக இல்லை. எங்களுக்குக் கருவி உடைந்தால் அதைச் சரிபார்க்கத் தெரிந்த கை இந்தப் பக்கம் இரண்டோ மூன்றோதான் மிச்சம். எல்லாருமே அறுபது தாண்டியவர்கள். ஒரு ஊர் தன் பிள்ளைகளின் வாத்தியத்தைத் தன் செலவில் சரிசெய்து கொடுக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. கேள்வி இல்லை என்கிறீர்களே அண்ணா, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான்: "நம்ம இஸ்கூல்ல வாத்தியமே இல்லியேண்ணா, எத ரிப்பேர் பண்றது?" அந்தக் கேள்வியை அந்தப் படம்தான் அவனுக்குக் கொடுத்தது.


பெரம்பூர் லோகோ
புதன், காலை 7:15

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. இன்னொரு தடவை பார்க்கிறேன், இந்தத் தடவை கையை மட்டும்.


அகஸ்தியா பால்கனி
புதன், காலை 10:00

பழைய ஆள் ஒருவனின் நினைவு. 2020-ல் மூடிய அகஸ்தியா தியேட்டரில் நாங்கள் படம் பார்க்கப் போகும்போது, மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படமோ ஆவணப்படமோ கட்டாயம் ஓடும். அணை, வெள்ள நிவாரணம், நெசவு, தடுப்பூசி. பாதிப் பேர் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளேயே இருப்பேன். மணிப்பூர் நடனத்தையும் ராஜஸ்தான் ஒட்டகத்தையும் அங்கேதான் முதலில் பார்த்தேன். ஆனால் தண்டையார்பேட்டைத் தியேட்டரில் உட்கார்ந்து தண்டையார்பேட்டையைப் பார்த்த ஞாபகம் ஒரு தடவை கூட இல்லை. 'ஐ ஆம் 20' மாதிரி ஒன்று அதே நிறுவனத்தில் இருந்தது இப்போதுதான் தெரிகிறது. எங்கள் தியேட்டருக்கு அது வந்ததா, நான் டீ குடிக்கப் போன அன்று வந்ததா, யார் கண்டது.


கொருக்குப்பேட்டை ரயில்
புதன், பகல் 2:30

'ஹால்அவுட்' பார்த்தேன் அண்ணா. ஹெட்ஃபோனோடு. அந்தக் கதவு திறக்கும் இடத்தில் போனைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் அப்பாவுக்கும் காட்டினேன், அவர் முதலிலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார்.

எண்ணூர் அக்கா, நீங்கள் எழுதியதில் ஒன்று கேட்கலாமா? அம்மா இறால் தடவுவதை நீங்களே எடுக்கலாமே. என்னிடம் ஓரளவு நல்ல போன் இருக்கிறது. எடுக்க மட்டும் வருகிறேன், எதுவும் சொல்லித்தர மாட்டேன், இன்னொரு தடவை செய்யச் சொல்லவும் மாட்டேன்.


எண்ணூர்க்காரி
வியாழன், காலை 6:10

தம்பி, உன் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நிபந்தனை. தண்ணீர் வற்றும் நேரம்தான் நேரம், உன் வசதிக்கு நேரம் மாறாது. எடுத்ததை முதலில் அம்மா பார்த்த பிறகுதான் வேறு யாரும் பார்க்க வேண்டும். கீழே பெயர் போட வேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அம்மா சிரித்துவிட்டு, "முழுப் பேரும் போடச் சொல்லு" என்றார்.

அதற்கு முன்னால் மாடியில் ஒரு படம் பார்க்க வேண்டுமாம். ஞாயிறு வருகிறோம். கத்திவாக்கத்தில் ரயில் ஏறினால் தண்டையார்பேட்டையில் இறங்கிவிடலாம். மாடித்திரை, அந்த வால்ரஸ் படத்தையே மறுபடியும் போட முடியுமா? வேட்டித் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற நேரமாகும்.


மாடித்திரை
வியாழன், காலை 7:00

கட்டாயம் போடுகிறோம். முன்வரிசையில் மில் பெரியவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன், அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஆறரைக்கு வந்தால் போதும், வெளிச்சம் போன பிறகுதான் தொடங்குவோம், அம்மா ஏறி முடிக்கும் வரை காத்திருப்போம். படிக்கட்டில் மேல் ஆறு படிக்குக் கைப்பிடி இல்லை. நேற்றுப் பையன்கள் கயிறு கட்டியிருக்கிறார்கள், வலைக் கயிறு, கெட்டியாக இருக்கிறது. வலது கைப் பக்கம்.